வாசகர் கேள்வி–பதில்: ஒரே ஒரு வரிக்கு இரண்டரை லட்சமா?

கேள்வி: பார்வையற்ற என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கம்ப்யூட்டரோடு இணைத்து, திரையில் உள்ளதை விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் டிஸ்ப்ளே கேட்கிறாள். 40 செல், அதாவது வரியில் 40 பிரெயில் எழுத்துக்கு இடம் என்றால் இரண்டரை லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள். ஒரு வரி மட்டும் காட்டும் பொருளுக்கு ஏன் இவ்வளவு விலை? 20 செல் போதும் என்கிறார் கடைக்காரர். சரியா?
— ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: விலை முழுக்க அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. ஒரு செல்லில் 8 ஊசிகள். ஒவ்வோர் ஊசிக்கும் அடியில் தனியாக ஒரு பீசோ பட்டை, அதாவது மின்சாரம் பட்டால் வளையும் பட்டை. அதில் சுமார் 200 வோல்ட் ஏறினால் பட்டை மயிரிழை அளவு வளைந்து ஊசியைத் தூக்கும். 40 செல்லுக்கு 320 பட்டை. இவற்றைப் பெரிய அளவில் செய்து கொடுப்பவர்கள் ஜெர்மனியின் மெடெக், ஜப்பானின் கேஜிஎஸ் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களே. வாங்குவோரும் குறைவு. செல்போன் விலை சரிவதுபோல் இது சரியாததற்குக் காரணம் அதுதான். பட்டைகள் நீளமாகப் பின்னால் கிடப்பதால், கீழே இரண்டாவது வரி வைப்பதும் சுலபமில்லை.

பீசோவை விட்டுவிட்டு வேறு வழியில் செய்த 20 செல் டிஸ்ப்ளேயான ஆர்பிட் ரீடர் 20, அமெரிக்காவில் முதலில் 449 டாலருக்கு வந்தது. ஊசி அழுத்தமாக, காகிதப் பிரெயில் போலவே நிற்கும். ஆனால் வரி மாறும்போது சத்தம் வரும், கொஞ்சம் மெதுவாகவும் மாறும். கர்சரைத் தொட்ட இடத்துக்குக் கொண்டுபோகும் ரூட்டிங் பொத்தான்கள் கிடையாது. பாடம் படிக்க இது உறுத்தாது. எழுதியதைத் திருத்தும்போது கை வலிக்கும்.

20 போதுமா என்பதற்குத் தமிழ்க் கணக்கு வேறு. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயிலில் மெய்யெழுத்துக்குப் புள்ளி தனி செல், உயிர்க்குறிக்கும் தனி செல். ‘தமிழ்’ என்று எழுத த, ம, இகரக் குறி, புள்ளி, ழ என 5 செல். ‘படித்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்பதை எண்ணிப் பாருங்கள்: 28 செல்! 20 செல் டிஸ்ப்ளேயில் ஒரு வார்த்தையே உடைந்து, பொத்தானை அழுத்திய பிறகுதான் வால் தெரியும். தமிழ் வழியில் படிக்கும் பெண் என்றால், பணம் கூடும்வரை பொறுத்து 40 வாங்குங்கள் என்பேன். ஆங்கிலம்தான் அதிகம் என்றால் 20 தாராளம்.

‘போன் பேசுகிறதே, டிஸ்ப்ளே எதற்கு’ என்று யாராவது கேட்டால், ‘அரம்’, ‘அறம்’ இரண்டையும் போனில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விரலுக்கு ர வேறு, ற வேறு.

வாங்கியதும் முதல் வேலை: திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் இலவச மென்பொருளான என்விடிஏவில் கன்ட்ரோல், என்விடிஏ விசை (பொதுவாக இன்ஸர்ட்), ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தி டிஸ்ப்ளேயைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பிரெயில் அமைப்பில் அவுட்புட் டேபிளை, அதாவது எழுத்தைப் பிரெயிலாக மாற்றும் பட்டியலை, தமிழாக்குங்கள். ஆங்கில டேபிளிலேயே விட்டால், ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் பின்சாய்வுக் கோடும் எண்களுமாக ஒரு குறியீடு வந்து வரியை அடைத்துக்கொள்ளும். மெஷின் கெட்டுவிட்டதாக நினைத்துத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

கேள்வி: பழைய 40 செல் டிஸ்ப்ளே பாதி விலைக்கு வருகிறது. எதைச் சோதிக்க வேண்டும்?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: எட்டுப் புள்ளியும் எழும்பிய யூனிகோடு பிரெயில் எழுத்தை (⣿) ஒரு வரி முழுக்க நிரப்பிய கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். அதைத் திறந்து, பிரெயில் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் விரலால் மெல்லத் தடவட்டும். எழாத ஊசியும், விரல் பட்டதும் அமுங்குகிற ஊசியும் அப்போதே சிக்கும். அடுத்து வெற்று வரி: கீழே இறங்காமல் நிற்கும் ஊசி இதில் தெரியும். இதற்குப் பெரும்பாலும் கை வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் காரணம். சுத்தம் செய்தால் சரியாகலாம். அமுங்கும் ஊசி அப்படியல்ல, அந்த செல்லையே மாற்ற வேண்டியிருக்கும். குறிப்பிட்ட செல்லிலிருந்து வரி முடிவு வரை குப்பையாக வந்தால் தொட வேண்டாம். செல்கள் தகவலைச் சங்கிலிபோல் கைமாற்றுபவை, கோளாறு உள்ளே இருக்கிறது.

சார்ஜர் இல்லாமல் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். யுஎஸ்பி துளை ஆடுகிறதா என்றும் பாருங்கள். பணம் கொடுக்கும் முன் ஒரு செல் மாற்ற எவ்வளவு என்று விசாரியுங்கள். வாங்கிய பிறகு, வடை தின்ற கையோடு மட்டும் தொடக் கூடாது; சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த கைதான் ஒரே பராமரிப்பு.

கேள்வி: ஆறு வயதுப் பையனுக்கும் இதெல்லாம் வேண்டுமா?
— வாசகி, கரூர்

பதில்: வேண்டாம். பிரெயில் எழுதும் துளைச் சட்டமான ஸ்லேட்டும், புள்ளி குத்தும் ஊசியான ஸ்டைலஸும் போதும். பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையத்தில் விசாரியுங்கள். ஜெராக்ஸ் தாள் கிழியும், புள்ளியும் அமுங்கிவிடும். 120 முதல் 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) தடிமனான தாள் வாங்குங்கள். பழகுவதற்கு மாதக் காலண்டரின் தடித்த தாளே போதும். வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும், தாளைத் திருப்பினால் இடமிருந்து படிக்கலாம். ஸ்டைலஸைச் சாய்க்காமல் நேராக அழுத்தச் சொல்லுங்கள். சாய்த்தால் புள்ளிக்குப் பதில் ஓட்டைதான் விழும்.