போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சல் சர்வரில் ‘ரிலே அக்சஸ் டினைடு’ (வெளி முகவரிக்கு அஞ்சலைக் கடத்த அனுமதி இல்லை) என்று வருகிறது. மைநெட்வொர்க்ஸை, அதாவது கடவுச்சொல் கேட்காமலே சர்வர் நம்பும் ஐபி முகவரிகளின் பட்டியலை, எல்லாருக்கும் திறந்துவிடலாமா?

தயவுசெய்து திறக்காதீர்கள். மண்டபம் ஊரில் உள்ள அலுவலகத்துக்குள் எல்லாம் சரியாகப் போகிறது, முதலாளி வெளியே இருந்து கைபேசியில் அனுப்பினால் மட்டும் 554 பிழை வருகிறது என்கிறீர்கள். சர்வர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றுதான் அதற்குப் பொருள். கைபேசியின் ஐபி முகவரி மாறிக்கொண்டே இருக்கும். அதற்காக மைநெட்வொர்க்ஸில் 0.0.0.0/0 (எல்லா முகவரிகளும்) என்று எழுதினால், உலகத்துக் குப்பை அஞ்சல் எல்லாம் உங்கள் சர்வர் வழியாகப் போகும்.

ராமேசுவரத்தில் விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத் துறை டோக்கன் வேண்டும் அல்லவா? முதலாளிக்கு வேண்டியதும் அப்படி ஒரு டோக்கன்தான்: பயனர் பெயரும் கடவுச்சொல்லும். போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் சப்மிஷன் (பயனர்கள் அஞ்சல் அனுப்பும் வாசல்) பகுதியை இயக்கி, 587ஆம் போர்ட்டில் டிஎல்எஸ் என்ற மறையாக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் 2.10 பதிப்பு முதல் ரிலே அனுமதிக்கென்றே ‘எஸ்எம்டிபிடி ரிலே ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்ற தனி அமைப்பு இருக்கிறது. அதில் மைநெட்வொர்க்ஸ், கடவுச்சொல் சரிபார்க்கப்பட்டவர்கள், கடைசியில் ‘ரிஜெக்ட் அன்ஆத் டெஸ்டினேஷன்’ (மற்றவர்கள் வெளி டொமைனுக்கு அனுப்பினால் மறு) என்ற வரிசை போதும். அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

யாருக்கு வரும் அஞ்சலை ஏற்பது என்பது வேறு கேள்வி. அஞ்சல் பெட்டி இந்தச் சர்வரிலேயே இருந்தால் உங்கள் டொமைன் ‘மைடெஸ்டினேஷன்’ என்ற பட்டியலில் இருக்கட்டும். வாங்கி வேறு சர்வருக்குக் கடத்துவதானால் ‘ரிலே டொமைன்ஸ்’ பட்டியலில். இரண்டிலும் எழுதக் கூடாது. கடத்தும்போது உண்மையான பெறுநர்களின் பட்டியலையும் கொடுங்கள். இல்லாவிட்டால் இல்லாத முகவரிக்கு வந்ததையும் வாங்கிக்கொண்டு, சம்பந்தமில்லாதவர்களுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும்.

நான் பட்டதையும் சொல்கிறேன். பாம்பனில் நண்டு ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு நிறுவனத்துக்குச் சர்வர் அமைத்தேன். மைநெட்வொர்க்ஸில் அலுவலகத்தின் 192.168.1.0/24 மட்டும்தான் இருந்தது. ஆனாலும் ஒரே இரவில் சர்வரின் அஞ்சல் வரிசை முழுக்கக் குப்பை அஞ்சல். குப்பை அஞ்சல் அனுப்பும் சர்வர்களின் தடைப்பட்டியலில் ஏறிவிட்டதால், நண்டு போய்ச் சேர்ந்தும் பில் போய்ச் சேரவில்லை. காரணம் ரௌட்டர். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு இணைப்பையும் அது தன் முகவரியான 192.168.1.1 என்று மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது. சர்வரின் கண்ணுக்கு எல்லாரும் வீட்டு ஆட்களாகவே தெரிந்திருக்கிறார்கள்!

ஆகவே மாற்றி முடித்ததும், வெளியூரில் இருக்கும் ஒரு கணினியிலிருந்து 25ஆம் போர்ட்டில் இணைந்து, உங்களுடையதல்லாத டொமைனின் முகவரி ஒன்றைப் பெறுநராகக் கொடுத்துப் பாருங்கள். 554 5.7.1 வர வேண்டும். லாக் கோப்பில் அந்த இணைப்புக்கு நேராக ரௌட்டரின் முகவரி இல்லாமல், அந்தக் கணினியின் சொந்த ஐபி பதிவாகியிருக்க வேண்டும்.