பஸ்ஸில் திரும்பியதுதான் அவசரமாகிவிட்டது

கேள்வி: எனக்கு 61 வயது, ஓய்வு பெற்ற ஆசிரியை. கணவருக்கு 65, அவரும் பணி ஓய்வு பெற்றவர்தான். இந்தத் தைப்பூசத்துக்கு முதல்முறையாகக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தோம். 36 வருஷமாகப் பேசாததை எல்லாம் அந்த ஏழு நாளில் பேசினார். கோபால்பட்டி பக்கம் ஒரு பந்தலில் உப்புப் போட்ட வெந்நீர் வாளியில் என் காலை வைக்கச் சொல்லி, கொப்புளத்தைத் துடைத்துக்கொண்டே, தன் அம்மா இறந்த இரவைப் பற்றிச் சொல்லி அழுதார். வீடு வந்து ஒரு மாதம் ஆகிறது. பழையபடி பேப்பர், போன், கேட்டால் ஒரு ‘ம்’. இனி அடுத்த தைப்பூசம் வரை காத்திருக்க வேண்டுமா? மகளோ, இந்த வயதில் மறுபடி நடக்கவே கூடாது என்கிறாள்.
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் அந்த வெந்நீர் வாளியிலேயே மனம் நின்றுவிட்டது.

முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த ஏழு நாளும் நீங்கள் அடுப்புப் பற்ற வைத்தீர்களா? வழியெல்லாம் அன்னதானம். ஒரு பந்தலில் இட்லி, இன்னொன்றில் புளியோதரை, விடியற்காலைப் பனியில் யாரோ நீட்டுகிற சுக்குக் காபி. அவர் உட்கார்ந்த வரிசையிலேயே நீங்களும் இலையோடு உட்கார்ந்திருப்பீர்கள். திரும்பி வந்த மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு டிகாக்‌ஷன் போட்டது யார்? பள்ளிக்கூடம் உங்களுக்கு ஓய்வு கொடுத்தது, அடுப்படி கொடுக்கவில்லை. அவர் கூடத்தில், நீங்கள் உள்ளே. நடுவில் ஒரு சுவர் இருந்தால் ‘ம்’ என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்?

அப்புறம், நடக்கும்போது முகம் பார்க்க வேண்டியதில்லை. நானும் என் கணவரோடு அந்தப் பாதையில் நடந்திருக்கிறேன். திண்டுக்கல் தாண்டியதும் பாதயாத்திரைக்காரர்களுக்காக ரோட்டோரம் கல் பதித்த நடைபாதை வருமே, அதில் பக்கத்தில் பக்கத்தில் போகும்போதுதான் அவர் வேலையில் பட்ட ஒரு அவமானத்தை என்னிடம் சொன்னார். கண் முழுக்க ரோட்டின் மேல். எதிரே உட்கார வைத்துக் கேட்டிருந்தால் அந்தப் பேச்சு ஒருநாளும் வந்திருக்காது. நம் வயது ஆண்கள் பலருக்கு இப்படித்தான் வாய் திறக்கிறது.

இன்னொரு விஷயம், நீங்கள் திரும்பி வந்த விதம். 150 கிலோமீட்டருக்கு மேல் ஏழு நாளாக நடந்து போனவர்கள், பஸ் ஏறி நாலு மணி நேரத்தில் வாசலில் இறங்கிவிட்டீர்கள். சிங்கம்புணரி, நத்தம் எல்லாம் ஜன்னலில் ஓடிப் போயிருக்கும். உங்கள் ஊர்ப் பக்கத்து நகரத்தார் சமூகத்தார் இதை வேறு மாதிரி வைத்திருக்கிறார்கள். 400 ஆண்டு வழக்கம் என்று சொல்லும் அவர்களுடைய காவடிகள் நடந்தே பழனி போய், நடந்தேதான் ஊர் திரும்பும். போகும்போது வேண்டுதல் இருக்கிறது, மலை இருக்கிறது, ‘அரோகரா’ சத்தம் இருக்கிறது. வரும்போது ஒன்றும் இல்லை, வீடு மட்டும்தான். நடந்ததை எல்லாம் மெதுவாக மனசில் அடுக்கிக்கொள்ள அந்த நாட்கள் வேண்டியிருக்கின்றன. உங்களுக்கு அது கிடைக்கவில்லை.

அவர் பழையபடி ஆகிவிட்டார் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படியேறும்போது இடும்பன் சந்நிதியைக் கும்பிட்டிருப்பீர்கள். இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டிச் சுமந்து வந்தவன் அவன், கொஞ்சம் இளைப்பாறத்தான் அதை இறக்கி வைத்தான். மறுபடி தூக்கப் பார்த்தால் மலை அசையவில்லை. உங்கள் கணவர் இத்தனை வருஷம் சுமந்ததை அந்த வாளிப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டார். மனைவி முன்னால் முதல்முறை அழுதவருக்குக் கொஞ்ச நாள் கூச்சம் இருக்கும். ‘ரோட்டில் அவ்வளவு பேசினீர்களே, இப்போது என்ன வந்தது?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மாமியாருக்குப் பிடித்த பலகாரம் எது, அந்தக் காலத்தில் அவர் எப்படிச் செய்வார் என்று கேளுங்கள். மீதியை அவரே சொல்லட்டும்.

அடுத்த தைப்பூசம் வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? மாதா மாதம் கிருத்திகை வருகிறது. காரைக்குடியிலிருந்து குன்றக்குடி 10 கிலோமீட்டர்தான். இருட்டு பிரியும்போது கிளம்புங்கள், உங்கள் நடைக்கு இரண்டரை மணி நேரம் ஆகட்டும். சண்முகநாதரைப் பார்த்துவிட்டு ஏதாவது ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அன்றைக்கு வீட்டில் சமையல் கிடையாது, இதில் மட்டும் உறுதியாக இருங்கள். மற்ற நாட்களில் காலைக் காபி அவர் பொறுப்பு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுங்கள்: “வழியில் எனக்கு ரொம்பப் பிடித்தது, உங்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்ததுதான். வீட்டிலும் அது எனக்கு வேண்டும்.” 36 வருஷத்தில் இதை நீங்களும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

மகள் பயப்படுவது நியாயம்தான். முட்டியையும் சர்க்கரையையும் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை இருந்தால் செருப்பில்லாமல் நடக்கவே கூடாது, கொப்புளத்தை ஊசியால் குத்தவும் கூடாது. அந்த வெந்நீர்ச் சூடு கூடக் காலுக்குத் தெரியாமல் சுட்டுவிடும். டாக்டர் சரி என்றால் அடுத்த வருஷமும் போங்கள். மகளையும் ஒருநாள் உங்களோடு நடக்கக் கூப்பிடுங்கள், பாதி பயம் அங்கேயே போய்விடும். தரிசனம் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடாதீர்கள். ஒட்டன்சத்திரம் வரைக்குமாவது இரண்டு நாளாகப் பிரித்து, திரும்பி நடந்து வந்து, அப்புறம் பஸ் ஏறுங்கள்.