எக்ஸாஸ்ட் போர்ட்டை 2 மி.மீ. ஏற்றலாமா?

கேள்வி: என்னுடையது 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. இரண்டாவது முறை போர் போடுவதற்காக (உள்துளையைக் கடைந்து பெரிதாக்குவதற்காக) சிலிண்டர் பிளாக்கைக் கழற்றியிருக்கிறோம். "இதோடு எக்ஸாஸ்ட் போர்ட்டை 2 மி.மீ. மேலே ஏற்றி, பிளாக்குக்கு அடியில் இன்னொரு பேக்கிங் வைத்தால் வண்டி பறக்கும்" என்கிறார் மெக்கானிக். தினமும் திருப்பூருக்குள் வேலைக்குப் போய்வரும் வண்டி. சைலன்சர் கம்பெனியில் வந்ததேதான். செய்யலாமா?

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு வேண்டாம். பிளாக் கையில் இருக்கும்போதே கேட்டது நல்லதாகப் போயிற்று. அரைத்து எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட்டுக்கு வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் புகை வெளியேறும் ஜன்னல்தான் எக்ஸாஸ்ட் போர்ட். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதன் தலை விளிம்புதான் போர்ட்டைத் திறக்கிறது, மூடுகிறது. அதனால் போர்ட்டின் மேல் விளிம்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுதான் டைமிங். உங்கள் இன்ஜினில் போர் 50, ஸ்ட்ரோக் 50 மி.மீ. கனெக்டிங் ராடை 100 மி.மீ. என்று வைத்து ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பிஸ்டன் உச்சியிலிருந்து 28.2 மி.மீ. இறங்கும்போது எக்ஸாஸ்ட் திறந்தால், கிராங்க் 90 டிகிரி சுற்றியிருக்கும். போர்ட் மொத்தம் 180 டிகிரி திறந்திருக்கும். விளிம்பை 2 மி.மீ. ஏற்றினால் இது 189 டிகிரி ஆகிவிடும். எண்ணாகப் பார்த்தால் ஒன்பதே டிகிரி. ஆனால் போர்ட் மூடிய பிறகுதான் உள்ளே அழுத்தமே ஆரம்பிக்கிறது. 28.2 மி.மீ. ஓட்டத்தில் நடந்த வேலை இனி 26.2-இல் நடக்க வேண்டும். சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி மந்தமாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் சைலன்சர். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. எக்ஸாஸ்ட் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடி, பின்பக்கக் குறுகலில் மோதித் திரும்புகிறது. போர்ட் மூடுவதற்குச் சற்று முன்பு அது வந்து சேர்ந்தால், வெளியே தப்பித்த பெட்ரோல் கலவையை உள்ளே தள்ளிவிடும். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் 1950-களில் இதைப் பிடித்துக்கொண்டு உழைத்தார். 1961-இல் அவருடைய 125 சிசி ரேஸ் இன்ஜின் 25 குதிரைசக்தி வரை போனது, அதாவது லிட்டருக்கு 200. போர்ட்டும் குழாயும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள வேண்டும் என்பது அந்த வேலையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்.

உங்கள் வண்டி உச்ச சக்தியான 11 குதிரைசக்தியைத் தருவது 7,500 ஆர்பிஎம்மில். அந்த வேகத்தில் 180 டிகிரி சுற்ற 4 மில்லி செகண்ட் ஆகும். குழாய்ச் சூட்டில் அலை நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் ஓடுகிறது. ஆக 4 மில்லி செகண்டில் இரண்டு மீட்டர்: போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர். போர்ட்டை 189 டிகிரி ஆக்கிவிட்டு அதே குழாயை மாட்டினால், அலை சரியான நேரத்துக்கு வந்து சேரும் இடம் 7,900-ஐ நெருங்கிவிடும். திருப்பூர் ரோட்டில் அந்த ஆர்பிஎம்மை எத்தனை நிமிடம் தொடுவீர்கள்? தொடாத நேரமெல்லாம் கலவை வெளியே போய்க்கொண்டே இருக்கும், மைலேஜும் அதோடு போகும். கோவை செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடுகிற வண்டி என்றால் என் பதிலே வேறு.

சரி, அடியில் பேக்கிங்? பிளாக்கை 1 மி.மீ. தூக்கினால் எல்லாப் போர்ட்டும் சேர்ந்து ஏறும், ஆனால் ஒரே அளவில் அல்ல. எக்ஸாஸ்ட் சுமார் நாலரை டிகிரி கூடும், கலவை சிலிண்டருக்குள் வருகிற டிரான்ஸ்ஃபர் போர்ட் கிட்டத்தட்ட ஆறு டிகிரி கூடும். கீழே இறங்க இறங்க பிஸ்டன் மெதுவாகப் போவதுதான் காரணம். எக்ஸாஸ்ட் திறந்து டிரான்ஸ்ஃபர் திறக்கும் வரை கிடைக்கிற இடைவெளியில்தான் புகை வெளியேறி அழுத்தம் இறங்க வேண்டும். தூக்கினால் அந்த இடைவெளி சுருங்குகிறது. மிகவும் சுருங்கினால் புகை டிரான்ஸ்ஃபருக்குள்ளேயே பாயும். அப்புறம் ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடமும் அதே அளவு கூடிவிடும். அதை லேத்தில் கழிக்காமல் பேக்கிங் மட்டும் வைத்தால் கம்ப்ரஷனைக் கையால் எடுத்துக் கொடுத்த மாதிரி.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். போர் போட்ட பிறகு எல்லாப் போர்ட்டின் விளிம்புகளும் கத்தி மாதிரி இருக்கும். அவற்றை மழுக்கியே ஆக வேண்டும். எக்ஸாஸ்ட்டின் மேல், கீழ் விளிம்புகளில் அரை மி.மீ. போலச் சரிவு கொடுத்து வழவழப்பாக்கச் சொல்லுங்கள். வேறொருவர் போர்ட்டிங் செய்துகொடுத்த ஒரு பிளாக்கை இதைப் பார்க்காமல் பூட்டி, முதல் நாளே ரிங் உடைந்து புது பிஸ்டன் வீணானதைப் பார்த்தவன் நான். வண்டிக்காரர் முகத்தை இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து ரிங் போடும் முன் ஒவ்வொரு ஜன்னலையும் விரலால் தடவிப் பார்க்காமல் விடுவதில்லை.

அடுத்து, ஹெட்டைப் பூட்டும் முன் பிஸ்டன் மேல், அதைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பிஸ்டன் பின் இருக்கும் திசையில் இரு ஓரத்திலும் ஈயக் கம்பித் துண்டு ஒட்டி, முறையாக டைட் செய்து கிராங்க்கைச் சுற்றுங்கள். நசுங்கிய இடத்தின் தடிமன் 0.8 முதல் 1 மி.மீ. இருந்தால் அருமை. அதற்கு மேல் இருந்தால், லேத்தில் ஹெட்டைக் கொஞ்சம் சீவினாலே நீங்கள் கேட்கிற பிக்கப் பெரும்பாலும் வந்துவிடும். கிராங்க் கேஸ் வாய், பேக்கிங், பிளாக் மூன்றின் டிரான்ஸ்ஃபர் வழிகளும் ஒன்றோடொன்று படியில்லாமல் பொருந்துகிறதா என்று பாருங்கள். எக்ஸாஸ்ட் வாயிலும் சைலன்சரிலும் உள்ள கரியைச் சுரண்டி எடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் போர்ட்டைத் தொடத்தான் ஆசை என்றால், முதலில் மேக்னட் பக்கம் டிகிரி வீல் (கோணம் அளக்கும் வட்டு) மாட்டி, இப்போது எத்தனை டிகிரி என்று அளந்து எழுதி வையுங்கள். முன்பே யாராவது அரைத்திருக்கலாம். முப்பது வருட வண்டி. அளந்தது 180-க்குக் கீழே இருந்தால் மட்டும் அரை மி.மீ. ஏற்றலாம், இரண்டு டிகிரிக்குச் சற்று மேல் கூடும். மூலைகளை வளைவாகவே விடுங்கள். அகலத்தைப் போரில் 60 சதவீதத்துக்கு மேல், அதாவது 30 மி.மீ.க்கு மேல், கொண்டுபோக வேண்டாம். ரிங் வெளியே பிதுங்கிச் சிக்கும். டிரான்ஸ்ஃபர் பக்கம் கிரைண்டரே போகக் கூடாது. அதன் கூரைச் சாய்வு கலைந்தால் கலவை நேராக எக்ஸாஸ்ட்டுக்கே ஓடும்.

பூட்டியதும் கார்புரேட்டரில் ஒரு சைஸ் பெரிய மெயின் ஜெட்டில் (பெட்ரோல் வரும் துளையில்) ஆரம்பியுங்கள். இன்ஜினுக்கு ஆயில் தரும் ஆட்டோலூப் பம்ப் கேபிளின் குறி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, முதல் 500 கிலோமீட்டர் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் ஓட்டுங்கள். அதன்பிறகு முழு ஆக்ஸிலரேட்டரில் கொஞ்ச தூரம் போய், கிளட்ச் பிடித்து இன்ஜினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் இருந்தால் ஓட்டலாம். வெள்ளையாக இருந்தால், ஜெட்டை இன்னொரு சைஸ் ஏற்றும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.