பிடுங்காமல் நிறுத்த முடியுமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு மூன்றரை வயது. கைப்பேசியில் காணொளி ஓடினால்தான் வாயைத் திறக்கிறான். நிறுத்தினாலோ தரையில் விழுந்து புரண்டு அழுகிறான். அடியோடு நிறுத்திவிடுவதா, அளவோடு கொடுப்பதா என்று தெரியாமல் நானும் கணவரும் தவிக்கிறோம்.
– ஒரு வாசகி

பதில்: இந்த அழுகையை வெறும் அடம் என்று எண்ணிவிடாதீர்கள், அம்மா. ஒரு காணொளி முடிந்த கையோடு அடுத்தது தானாகத் தொடங்கிவிடுவதால், அவனுக்கு அது முடிவே இல்லாத ஒன்றாகத் தெரிகிறது. நீங்கள் எப்போது நிறுத்தினாலும் நடுவில் பிடுங்கியதாகவே இருக்கும். ஆகவே, நேரத்தைக் கணக்கிடுவதற்கு முன், அவன் கண்ணுக்குத் தெரியும் ஒரு முடிவை உண்டாக்கித் தாருங்கள். முதலில், அடுத்த காணொளியைத் தானாக ஓடவிடும் ‘ஆட்டோபிளே’ வசதியை அணைத்துவிடுங்கள். ‘இன்னும் ஐந்து நிமிடம்’ என்றால் மூன்றரை வயதில் விளங்காது. ‘கரடி வீட்டுக்குப் போனதும் மூடிவிடலாம்’ என்றால் விளங்கும். அருகில் அமர்ந்து பார்த்து, கதை முடிந்ததும் பொத்தானை அவன் விரலாலேயே அழுத்தச் செய்து, அடுத்து செய்யவேண்டிய வேலையை உடனே அவன் கையில் கொடுங்கள். அப்போதும் சில நாள் அழுவான். அழுதவுடன் கைப்பேசி திரும்பி வந்தால், அழுகைதான் வழி என்று கற்றுக்கொள்வான். கோபப்படாமல் மடியில் வைத்துத் தேற்றுங்கள், கைப்பேசி மட்டும் வர வேண்டாம்.

அடியோடு நிறுத்த வேண்டிய தேவை இல்லை. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளொன்றுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதிலும் குறைவு நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஆனால் சாப்பாட்டு வேளையிலும் உறங்கப் போவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும் திரையே கூடாது என்பேன். திரையில் கண் வைத்து விழுங்கும் குழந்தைக்குத் தன் வயிறு நிறைந்ததே தெரிவதில்லை. அவனுக்கு நன்றாகப் பசிக்கும் ஒரு வேளையை முதலில் தேர்ந்துகொண்டு, நீங்கள் இருவரும் உங்கள் கைப்பேசிகளை வேறு அறையில் வைத்துவிட்டு, அவனோடு அமர்ந்து உண்ணுங்கள். சிந்தினாலும் அவன் கையாலேயே எடுத்து உண்ணட்டும். ஓரிரு நாள் குறைவாக உண்டால் பதற வேண்டாம். அதன் பிறகும் உண்ண மறுத்தால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஒன்றேகால் வயதுப் பேத்தியைக் காணொளி அழைப்பில்தான் பார்க்க முடிகிறது. அதுவும் கெடுதலா?
– ஒரு தாத்தா

பதில்: தயங்காமல் பேசுங்கள், ஐயா. ஒன்றரை வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் திரையைத் தவிர்க்கச் சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமே, 2016-இல் காணொளி அழைப்புக்கு விலக்கு அளித்தது. அவள் கையசைத்தால் நீங்கள் கையசைக்கிறீர்கள். ஓடும் படம் அப்படிப் பதில் தருவதில்லை. அழைப்பைச் சுருக்கமாக வைத்துக்கொண்டு, அவளுடைய அம்மாவோ அப்பாவோ மடியில் வைத்திருக்கும்போது, முகத்தை மூடித் திறந்து விளையாட்டுக் காட்டுங்கள்.