யாபேஸ் என்ற பெயரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு ஆறு வயது. யாபேஸ் என்று பெயர் வைத்தோம். போன மாதம் வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஊழியர் ஒருவர், "யாபேஸ் என்றால் துக்கம். பிள்ளைக்கு அடிக்கடி சளி பிடிப்பதும் அதனால்தான், பெயரை மாற்றுங்கள்" என்றார். எபிரெய எழுத்துக்கு எண் பார்த்து நல்ல பெயர் எடுத்துக் கொடுப்பவரையும் தெரியுமாம். மாமியார் பயந்துபோயிருக்கிறார். என்ன செய்ய? (பிறப்புச் சான்றிதழில் இங்கிலீஷில் ஒய் போட்டுத் தொடங்குகிறது, பள்ளியில் ஜே போட்டிருக்கிறார்கள்.)

பதில்: மாற்ற வேண்டாம். சளிக்கு டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் மாமியாருக்குப் பைபிளை விரித்தே காட்டலாம். யாபேஸின் கதை மொத்தமே இரண்டு வசனம், 1 நாளாகமம் 4ஆம் அதிகாரம், 9, 10. "நான் துக்கத்தோடே அவனைப் பெற்றேன்" என்று சொல்லி அந்தத் தாய் பேரிட்டாள். ஊழியர் இதோடு பைபிளை மூடிவிட்டார் போல. அதே 9ஆம் வசனம் அவனைத் தன் சகோதரரைப் பார்க்கிலும் கனம்பெற்றவன் என்கிறது. அடுத்த வசனத்தில், தீங்கு தன்னைத் துக்கப்படுத்தாதபடி காக்கச் சொல்லிக் கேட்கிறான், கேட்டது கிடைக்கிறது. பெயரை மாற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை, தேவனும் சொல்லவில்லை.

அப்புறம், யாபேஸ் என்றால் துக்கம் என்பதே சரியில்லை. எபிரெயத்தில் அந்தப் பெயர் யோத், அயின், பேத், த்சாதே என்ற நாலு எழுத்து. துக்கம் என்ற சொல்லுக்கு அயின், த்சாதே, பேத். கடைசி இரண்டும் இடம் மாறியிருப்பதைப் பாருங்கள். பகடி பேசிக்கொண்டிருந்தபோது பிறந்த பையனுக்குக் கபடி என்று பெயர் வைத்ததுபோல. கேட்டால் சிரிப்போம், அதற்காகக் கபடி என்ற சொல்லுக்குக் கேலி என்று அகராதியில் பொருள் எழுத மாட்டோம். தாய் செய்தது சிலேடை. பழைய ஏற்பாட்டில் பேரிடும் இடங்கள் பலவற்றில் இந்த மாதிரி ஓசை விளையாட்டுத்தான். "கர்த்தரிடத்தில் அவனைக் கேட்டேன்" என்று சொல்லி அன்னாள் சாமுவேல் என்று பேரிட்டாள்; ஆனால் எழுத்தின்படி 'கேட்கப்பட்டவன்' என்ற பொருள் சவுல் என்ற பெயருக்குத்தான் பொருந்தும். பாபேல் என்ற ஊர்ப்பெயருக்கு ஆதியாகமம் தாறுமாறு என்கிறது. ஊர்க்காரர்களின் அக்காதிய மொழியில் அது 'தெய்வத்தின் வாசல்'. இரண்டும் அதனதன் இடத்தில் சரி. கதை சொல்லும் பொருள் வேறு, சொல்லின் வேர் வேறு. இறையியல் கல்லூரிகளில் ஊழியர்களுக்கு இதைப் போதிக்காமலே பட்டம் கொடுத்து அனுப்பிவிடுகிறோம், நானும் அந்த வகுப்பறைகளில் நின்றவன்தான்.

உங்கள் ஊழியர் அடுத்து ஆதியாகமம் 35ஐ எடுத்துக்கொண்டு வருவார், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். ராகேல் சாகும் நேரத்தில் பிள்ளைக்குப் பெனொனி என்று பேரிட்டாள், யாக்கோபு அதைப் பென்யமீன் என்று மாற்றினான். உண்மைதான், பெயரின் சாயலுக்காகத் தகப்பன் பெயர் மாற்றிய இடம் என்று இதை ஒத்துக்கொள்ளலாம். ஆனால் கவனியுங்கள். பெனொனியில் இருக்கும் 'ஒனி' என் துக்கம் என்றும் ஆகும், என் பலம் என்றும் ஆகும். ஆதியாகமம் 49:3இல் ரூபனைப் பற்றி யாக்கோபு சொல்லும்போது இதே ஓசையுள்ள சொல்தான் பலம் என்ற பொருளில் வருகிறது. பென்யமீனுக்கு வலதுகையின் மகன் என்பார்கள். வலது என்ற அதே சொல்லுக்குத் தெற்கு என்றும் பொருள் உண்டு, ஆகவே தெற்கத்தி மகன் என்றும் கொள்ளலாம். எபிரெயர்கள் கிழக்கைப் பார்த்து நின்று திசை சொன்னவர்கள், வலது கைப்பக்கம் தெற்கு. அதையும் விட முக்கியம்: யாக்கோபு மாற்றியது பிறந்த அன்றைக்கு. ஆறு வயதில், பள்ளியில் பெயர் ஏறின பிறகு, காணிக்கை வாங்கிக்கொண்டு மூன்றாம் மனிதன் மாற்றின பெயர் இல்லை அது.

பொருள் பார்த்துத்தான் பெயர் தங்கவேண்டும் என்றால் தோமா என்பது 'இரட்டைப்பிள்ளை'. தனியாகப் பிறந்த தாமஸ்கள் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பிலிப் என்றால் குதிரைப் பிரியன். பவுல் என்றால் சிறியவன். நம் கத்தோலிக்கர்கள் பொருளறிந்து சின்னப்பர் என்று அழகாகத் தமிழாக்கினார்கள். ஆறடி உயரச் சின்னப்பன்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த எண் பார்ப்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். எபிரெய எழுத்துக்கு எண் மதிப்பு உண்டு, பொய்யில்லை. யாபேஸுக்கு 10, 70, 2, 90, கூட்டினால் 172. அதற்கு மேல் அந்த 172 உங்கள் பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நான் பார்த்த 'நிபுணர்கள்' எபிரெய எழுத்தைக்கூடத் தொடுவதில்லை, இங்கிலீஷ் எழுத்துக்கு எண் போட்டுவிட்டு எபிரெயம் என்கிறார்கள். ஒரு கன்வென்ஷன் பந்தலில் பெயர்ப்பொருள் அட்டை லேமினேட் செய்து விற்றார்கள். ரூத் என்ற பெயருக்கு ஒரு மேசையில் 'தோழி', பக்கத்து மேசையில் 'அழகி'. அந்தப் பெயருக்கு அறிஞர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை என்றேன். "ஐயா, அப்படிப் போட்டா யார் வாங்குவா?" என்றார் விற்றவர். நியாயமான கேள்வி. இணையத்தில் இருப்பதும் பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது. மரியாள் என்ற பெயருக்கு 4ஆம் நூற்றாண்டில் பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் 'கடல் துளி' என்று லத்தீனில் எழுதினார், பிரதி எடுத்தவர்கள் கையில் ஓர் எழுத்து மாறி அது 'கடல் நட்சத்திரம்' ஆனது என்பார்கள். அன்றைக்கே அந்தக் கதி.

உங்கள் உண்மையான சிக்கல் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்களே, அது. எபிரெயத்திலும் தமிழிலும் 'ய' ஓசை, லத்தீன் வழியாக இங்கிலீஷுக்குப் போனபோது ஜே ஆனது. இரண்டும் தப்பில்லை, ஆனால் ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருக்கக்கூடாது. அரசிதழில் போட்டுவிட்டால் எல்லாம் தானாக மாறிவிடும் என்று அலுவலக வாசலில் ஒருவர் சொல்வார். மாறாது. ஆதாருக்கு ஒரு விண்ணப்பம், பள்ளிக்கு ஒன்று, பாஸ்போர்ட்டுக்கு ஒன்று என்று அலைய வேண்டும். இவ்வளவு கம்ப்யூட்டர் வந்தும் ஒரு கவுண்டருக்கு அடுத்த கவுண்டரின் சேதி தெரியாது. ஆகவே பிறப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே பள்ளியில் திருத்தித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள், ஆதாரிலும் அதே எழுத்துத்தானா என்று பாருங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறிவிட்டால் பெரும்பாடு. இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறதே என்று விட்டுவிடாமல் அடுத்த வாரமே போங்கள்.