நகையை அடகு வைத்து நன்கொடை தரலாமா?

கேள்வி: வயது 44. திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எல்லாச் செலவும் போக மாதம் 12,000 ரூபாய் மிஞ்சும். எங்கள் ஊரில் 30 பிள்ளைகள் தங்கிப் படிக்கும் சிறிய இல்லம் ஒன்று உள்ளது. ஜூன் வந்தால் அதன் நிர்வாகி அண்ணன் போன் செய்வார், நான் நகையை வைத்துக் கொடுப்பேன். மூன்று ஜூனில் 1 லட்சம், 1 லட்சம், 80,000. வட்டி 11 சதவீதம். வருடா வருடம் வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறேன். இப்போது அப்பாவின் மனை விற்று 5 லட்சம் வந்திருக்கிறது. அதை மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் மாதம் 5,000 எடுத்து இல்லத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம், முதல் அப்படியே இருக்கும் என்கிறார் ஏஜென்ட். போடலாமா? நான் கொடுப்பதைக் கணவர் ஒருநாளும் தடுத்ததில்லை. ஆனால் மூன்றாவது நகை விஷயம் அவருக்குத் தெரியாது.

பதில்: வேண்டாம், சகோதரி. முதலில் நகையை மீட்டுவிடுங்கள்.

உங்கள் கடன் 2,80,000. வருட வட்டி ஏறக்குறைய 31,000, அதாவது மாதம் 2,500-க்கு மேல். இதுவரை கட்டிய 33,000-த்தோடு வரும் ஜூன் வட்டியும் சேர்ந்தால் 64,000 ஆகிவிடும். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இவ்வளவும் அந்தப் பிள்ளைகளுக்குப் போயிருக்க வேண்டிய பணம். கொடுக்கும் மனசில் ஒரு குறையும் இல்லை. போன் வந்த அன்றே சரி என்று சொல்லிவிட்டு நகையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறீர்களே, அந்தப் பழக்கம்தான் உங்களை அரிக்கிறது.

ஏஜென்ட் சொன்ன கணக்கையும் பார்ப்போம். 5 லட்சத்தில் மாதம் 5,000 என்றால் வருடத்துக்கு 12 சதவீதம். முதல் வருடமே பங்குச் சந்தை 20 சதவீதம் இறங்கினால் 4 லட்சம். நீங்கள் எடுத்த 60,000 போக 3,40,000. அடுத்த வருடமும் அதே 60,000 எடுத்தால் அது கிட்டத்தட்ட 18 சதவீதம். எந்த ஃபண்ட் தாங்கும்? 2008-ல் சென்செக்ஸ் என்ற பங்குச் சந்தைக் குறியீடு ஒரே வருடத்தில் பாதிக்கு மேல் விழுந்தது. 'முதல் அப்படியே இருக்கும்' என்பதை அவரால் எழுதிக் கொடுக்க முடியாது.

நகையை மீட்டு, வட்டியையும் கட்டினால் சுமார் 1,90,000 மிஞ்சும். அதை வங்கி டெபாசிட்டில் போட்டு அவசரத்துக்கு வைத்திருங்கள். யார் கேட்டாலும் தொடாதீர்கள்.

அப்புறம் அந்த 12,000. அதில் 3,000 ரூபாய் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி இல்லத்தின் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். 4,000 ரூபாய்க்கு, மாதா மாதம் கட்டும் ஓராண்டு ஆர்.டி. சேமிப்பு போடுங்கள். மே கடைசியில் முதிரும்படி தொடங்கினால், பள்ளி திறக்கும் நேரத்தில் வட்டியோடு 50,000-க்குக் கொஞ்சம் குறைவாகக் கையில் வரும். இரண்டும் சேர்த்து வருடம் சுமார் 86,000. போன ஜூனில் கொடுத்ததைவிட அதிகம், கடன் இல்லாமல். மீதி 5,000 உங்கள் சேமிப்பு.

மாதப் பணத்தை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஓர் இல்லத்தின் கணக்கு நோட்டைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று பேர் பிறந்தநாள் சாப்பாடு கொடுத்திருந்தார்கள். மதியத்துக்கே இரண்டு பிரியாணி. அதே வாரம் சமையல்கார அம்மாவுக்குச் சம்பளம் பாக்கி, கரண்ட் பில்லுக்குக் கைமாற்று. பென்சிலில் எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தார்கள். சாப்பாடு போட ஆள் கிடைக்கும், சம்பளத்துக்குக் கிடைக்காது. மாதம் தவறாமல் 3,000 வரும் என்று தெரிந்தால் நிர்வாகி அதை நம்பி ஓர் ஆயாவின் சம்பளத்தில் ஒரு பங்கையாவது ஒதுக்க முடியும். அதனால், 'எதற்கு வேண்டுமானாலும் செலவு செய்யுங்கள்' என்று சொல்லியே கொடுங்கள்.

80ஜி, அதாவது நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை பற்றி ஒரு வார்த்தை: புதிய வரி முறையில் இருந்தால் அந்தச் சலுகை உங்களுக்குக் கிடையாது. பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கணக்கில் வராது.

அண்ணனுக்கு ஜூன் வரை காத்திருக்காமல் நீங்களே போன் செய்யுங்கள். 'மாதா மாதம் இவ்வளவு, மே கடைசியில் இவ்வளவு, அதற்கு மேல் என்னால் முடியாதுண்ணா' என்று சொல்லுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் மீதிக்கு அவர் வேறு ஆளைப் பார்ப்பார். மூன்றாவது நகையைப் பற்றிக் கணவரிடம் இன்றைக்கே சொல்லிவிட்டு, மீட்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.