விதையில் வராது, குச்சியில் வரும்

கேள்வி: அண்டர்பெர்க் பக்கம் என் தாத்தா வேலை பார்த்த பண்ணையில் ஒரு பழைய ஆப்பிள் மரம் நிற்கிறது. பெயர் யாருக்கும் தெரியாது. சொரசொரப்பான தோல், நல்ல புளிப்பு. ஆயா அதில்தான் ஊறுகாய் போடுவார். அடுத்த வருடம் மரத்தை எடுக்கப் போகிறார்களாம். விதைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். நட்டால் அதே மரம் வருமா?
- ஒரு வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா

பதில்: வராது, தங்கச்சி. விதையில் பாதிதான் அந்த மரம். மீதிப் பாதி, தேனீ எங்கிருந்து மகரந்தம் கொண்டுவந்ததோ அந்த மரம். முளைக்கும், காய்க்கும், ஆனால் ஆயாவின் ஊறுகாய்ச் சுவை கிடைப்பது அரிது. கடையில் வாங்கும் கிரானி ஸ்மித் ஆப்பிள் எல்லாம் 1868 வாக்கில் சிட்னி அருகே தானாக முளைத்த ஒரே மரத்திலிருந்து, குச்சி வெட்டி ஒட்டுக் கட்டியே வந்தவை.

நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். நம் குளிர்காலமான ஜூலையில், இலை உதிர்ந்து மரம் தூங்கும்போது, போன வருடம் வளர்ந்த பென்சில் தடிமன் குச்சிகளை வெட்டுங்கள். கிழட்டு மரத்தில் அப்படிப்பட்ட குச்சி உச்சியில்தான் கிடைக்கும், ஏணி கொண்டுபோங்கள். ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். அதே ஃபிரிட்ஜில் ஆப்பிள் பழம் வைக்காதீர்கள்! பழுக்கும்போது வரும் வாயு மொட்டுகளைக் கெடுத்துவிடும்.

ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ ஒட்டுக் கட்டலாம். அடிச்செடிக்கு, அதாவது கீழே வேராக இருக்கும் செடிக்கு, நர்சரியில் எம் 793 என்ற ரகம் கேளுங்கள். நம் நாட்டில் வேரில் சாறு உறிஞ்சும் பஞ்சுப் பூச்சியை அது தாங்கும். குச்சியையும் அடிச்செடியையும் சாய்வாகச் சீவி, பட்டைக்கு உட்புறப் பச்சை ஒன்றையொன்று தொடும்படி இறுக்கிக் கட்டுங்கள். என் வாழ்நாளில் பாதி இந்த வேலைதான். கத்தி கூர்மையாக இருந்தால் பாதி ஒட்டு பிடித்த மாதிரி.

ஒரே கன்றோடு நிறுத்தாதீர்கள். அண்ணன் வீட்டில் ஒன்று, குளிர் அதிகமுள்ள ஊரில் சொந்தக்காரர் இருந்தால் அங்கே ஒன்று என்று கொடுங்கள். 1662 ஏப்ரல் 17 அன்று கேப்பில் முதல் ஆப்பிள் பறித்ததாக, அங்கே டச்சுக் குடியேற்றத்தைத் தொடங்கிய வான் ரீபீக்கின் நாட்குறிப்பில் இருக்கிறது. அந்த இனமே பிற்பாடு இங்கே இல்லாமல் போய், நெதர்லாந்தில் தேடிப் பிடிக்க வேண்டி வந்தது.

பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பழுத்த பழத்தை முழுதாகவும் குறுக்கே வெட்டியும் படம் எடுத்து, பறித்த தேதியோடு வையுங்கள்.

பண்ணைக்காரர் ஜூலை வரை பொறுக்க மாட்டேன் என்றால், ஜனவரி, பிப்ரவரியில் மொட்டு ஒட்டு கட்டலாம், அதாவது குச்சிக்குப் பதில் ஒரே மொட்டை அடிச்செடியின் பட்டையில் வைத்துக் கட்டலாம். அதற்கு அன்றே வெட்டிய குச்சிதான் நல்லது. கோடையில் அது அதிக நாள் தாங்காது.